மெஹபூப் அலியின் வலது தோள்

கிண்டியில் பந்தயக் குதிரைகளைப் பழக்குகிறவர் மெஹபூப் அலி. 1934-ல் ஒரு காலை, புதிதாக வந்த குதிரையொன்று மிரண்டு தலையை வெட்டி இழுத்தது. கடிவாளத்தை விடாமல் பிடித்திருந்தவரின் வலது தோளுக்குள் துணி கிழிவதுபோல் ஏதோ கிழிந்தது. அதன்பின் கை மேலே எழவில்லை. எண்ணெய் நீவிக் கட்டுப் போட்டும் பலனில்லாமல், மனைவி அஃப்சருன்னிசா அவரை மயிலாப்பூர் மாசிலாமணி டாக்டரிடம் அழைத்து வந்தாள்.

டாக்டர் அவர் கையைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார். தடையில்லாமல் போயிற்று. "இப்ப நீங்களே தூக்குங்க." தோள்தான் காதுவரை ஏறியது, கை தொடையை விட்டு நகரவில்லை.

மெஹபூப் அலிக்கு வலியே மறந்துவிட்டது. "இன்னா சார் இது? நீங்க தூக்குனா போவுது, நான் தூக்குனா மாட்டேங்குது!"

"மூட்டு நல்லாத்தான் இருக்கு. எலும்பை இழுக்கிற தசைநார் அறுந்துபோச்சு. தச்சுப் பார்க்கலாம். இந்த ஆபரேஷனை ஒரு தரம் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன், நானே செஞ்சதில்லை."

கிளம்பிவிடலாம் என்று அஃப்சருன்னிசா கணவரின் சட்டையை இழுத்தாள். அவருக்கோ வேறு கவலை. "நீங்க தைக்கிறப்ப நான் பாக்கலாமா சார்?"

"மயக்கத்துல எப்படிப் பார்ப்பீங்க?"

"அப்ப ஒண்ணு விடாம அப்பால சொல்லணும்."

டாக்டர் ஒப்புக்கொண்டார், சொன்ன சொல் தவறவும் இல்லை. மெஹபூப் அலி விழித்தபோது மார்போடு சேர்த்து மாவுக்கட்டு. கை பக்கவாட்டில் நீட்டியபடி நின்றது. கட்டிலருகே உட்கார்ந்து டாக்டர் சொன்னார்: "எலும்போட தலை மொட்டையாத் தெரிஞ்சுது. நார் உள்ளே சுருங்கிக் கிடந்துது. இழுத்து வந்து, எலும்புல ஓட்டை போட்டு, பட்டு நூலால கட்டினேன்."

"எலும்புல ஓட்டையா! பட்டா!"

காதைப் பொத்தியிருந்த அஃப்சருன்னிசா கையை எடுத்தாள். "இன்னா கலரு நூலு?"

"கறுப்பு."

ஜட்கா வண்டியில் வீடு திரும்பும்போது, நீட்டிய கையைப் பார்த்து வழியில் இருவர் தங்களைக் கூப்பிடுவதாக எண்ணி ஓடி வந்தார்கள்.

கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து நடுங்கியது. தினமும் சுவரில் விரல்களை நண்டுபோல் ஏற்றிப் பழகினார். நெற்றி எட்டவே மழைக்காலம் முடிந்துவிட்டது. பிறகு தலைப்பாகைக்கும் மேலே போனது. முரட்டுக் குதிரையை இழுத்துப் பிடிக்கும் பலம் மட்டும் திரும்பவில்லை. அதற்கு இடது கையைப் பழக்கிக்கொண்டார்.

ஒரு காலை டாக்டரே லாயத்துக்கு வந்துவிட்டார். மெஹபூப் அலி உயரமான குதிரையின் காதுகளுக்கு மேலே வலது கையை நீட்டிக் கடிவாளம் மாட்ட, டாக்டர் பின்னால் நின்று அந்தத் தோளில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"வலி கீதான்னு கேக்கலியே சார்?"

"இருங்க, இருங்க. உள்ளே அசையறது தெரியுது. கழட்டிட்டு இன்னொரு தரம் மாட்டுங்க."