இறங்கி ஏறும் ஊரில் ஓர் ஆடி அமாவாசை

விமானத்தை விட்டு இறங்கியதும் தங்கத்தாய் கேட்ட முதல் கேள்வி, ஆறு எந்தப் பக்கம் என்பதுதான். கோலாலம்பூர் விமான நிலையத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் என் மனைவியாகத்தான் இருக்கும். நான் சட்டென்று ஒரு திசையில் கையை நீட்டினேன். தெரியாத ஊரில் கையை யோசித்து நீட்டக் கூடாது, நம்ப மாட்டார்கள். அந்தத் திசையில் கழிப்பறை இருந்தது. அதுவும் தேவையாகத்தான் இருந்தது.

பெர்த்தில் வேலை பார்க்கும் மகள் சுகன்யா எடுத்துக் கொடுத்த டிக்கெட். திருச்சியில் ஏறி, காலையில் இங்கே இறங்கி, சாயங்காலம் வேறு விமானம் ஏற வேண்டும். நாள் ஆடி அமாவாசையாகப் போய்விட்டது. அன்றைக்கு எங்கள் சீவலப்பேரியில், தாமிரபரணியும் சிற்றாறும் சேருகிற இடத்தில் நின்று, என் மாமனார் சுடலையாண்டிக்கு எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். மச்சினன் செந்தூர்பாண்டி இருந்தவரை அவன் விட்டான். பிள்ளையில்லாத அவனும் போன பிறகு மருமகன் நான் விடுகிறேன். மாமனாரை நான் பார்த்ததில்லை. தங்கத்தாயும் பார்த்ததில்லை. அவள் வயிற்றில் இருக்கும்போதே மலேயாவுக்கு ரப்பர் பால் வெட்டக் கப்பலேறியவர். கொஞ்ச காலம் கடுதாசி வந்தது, பிறகு அதுவும் நின்றது. எந்த நாளில் செத்தார் என்று தெரியாதவருக்கு ஆடி அமாவாசைதான் திதி.

பயணமே வேண்டாம் என்று தங்கத்தாய் பெட்டியை மூடிவிட்டாள். அந்த ஊரிலும் இரண்டு ஆறு சேருகிறது, அங்கேயே விட்டுவிடலாம் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். சுகன்யா செல்போனில் வரைபடம் பார்த்துவிட்டு, அப்பா சொல்லுவது சரிதான் என்றாள். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இப்படி உண்மையாகி என் காலை வாரியது அது ஒன்றுதான்.

ஊரில் என் பேச்சை அவ்வளவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் எங்கள் வீட்டு ஆட்டுரல் மிதந்து புன்னக்காயல் வரை போய், அடுத்த வெள்ளத்தில் திரும்பி வந்ததைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. ஆட்டுரல் இன்றும் வீட்டில்தான் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

டாக்சிக்காரர் கேட்ட கூலிக்கு எங்கள் பக்கம் ஒரு கன்றுக்குட்டி வாங்கிவிடலாம். பஸ் பிடித்து நகரத்துக்கு வந்து, அங்கிருந்து நடந்தோம். இறங்கிய தெரு முழுக்கத் தமிழ். மல்லிகைப்பூ, ஊதுவத்தி, வாழையிலைச் சாப்பாடு, இஞ்சி தட்டிப் போட்ட டீ. தண்ணீர் விடும்வரை பச்சைத் தண்ணீர்கூட நாக்கில் படக் கூடாது என்பது தங்கத்தாயின் சட்டம். விமானத்தில் கொடுத்த ரொட்டியை நான் தின்றது அவளுக்குத் தெரியாது. அது ஆகாயத்தில் நடந்தது, எந்த ஊர்க் கணக்கிலும் வராது.

எனக்குக் கடைகளைப் பார்க்க ஆசை. அவளோ மனிதர்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதிலும் காதுகளை. மாமனார் கப்பலேறும் முன் எடுத்த ஒரே ஒரு போட்டோ வீட்டில் உண்டு. முகம் மங்கிவிட்டது. காதுகள் மட்டும் சைக்கிள் கைப்பிடி மாதிரி இரண்டு பக்கமும் விடைத்துக்கொண்டு நிற்கும். அதே காது செந்தூர்பாண்டிக்கும் இருந்தது. மலேயாவில் இன்னொரு குடும்பம் இருந்திருக்கும் என்று ஊர் பேசியதை அவள் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறாள். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பூக்கடைக்காரர், பால் வண்டிக்காரர், கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரர் என்று ஒவ்வொருவரையும் பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள்.

"ஏளா, இந்த ஊர்ல காதப் பாத்தா பிடிச்சு உள்ள போட்டுருவான்."

"நீங்க வழியப் பாத்து நடங்க."

பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், ஆற்றில் குளிக்க எந்தப் படித்துறை நல்லது என்று விசாரித்தாள். அந்த அம்மா நூலைப் பல்லில் கடித்தபடி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "குளிக்கவா? அது தேத்தண்ணி மாதிரி ஓடும்லா. பொறந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கேன், நான் காலு கூட வச்சதில்ல." ஆறு ஓடுகிற ஊரில் பிறந்து ஆற்றில் கால் வைக்காத ஒருத்தியைத் தங்கத்தாய் முதல்முறையாகப் பார்த்தாள்.

பழைய கடைகளின் முன்னால் வெயில் படாமல் தூண்களுக்கு இடையே நடைபாதை போகிறது. ஒரு கடையில் உலர்ந்த மீன், அடுத்ததில் கடிகாரம், அதற்கடுத்ததில் பெயர் தெரியாத வேர்கள். சாலை கடக்கும் இடத்தில் விளக்குக்குள் ஒரு பச்சை மனிதன் நடக்கிறான். நேரம் முடியப்போகும்போது ஓடுகிறான். தங்கத்தாய் முந்தானையைச் செருகிக்கொண்டு அவனோடு போட்டி போட்டு ஓடி ஜெயித்தாள். தூரத்தில் மேகத்துக்குள் இரண்டு கோபுரம் ஜோடியாக நின்றது. என்னவென்று கேட்டாள். மேகம் ரொம்பத் தாழ இறங்கிவிடாமல் முட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்றேன். "கூடங்குளத்துல உருண்டையா கெட்டுனான், இங்கன நெட்டையா கெட்டிருக்கான்" என்று முடித்துவிட்டு நடந்தாள்.

கடைசியில் ஆறு வந்தது. ஒன்று டீ நிறம், இன்னொன்று பால் கொஞ்சம் கூடின டீ. இரண்டும் உயரமான சிமெண்ட் சுவர்களுக்கு நடுவே ஆழத்தில் வந்து, ஒரு பள்ளிவாசலின் காலடியில் சேர்ந்தன. எங்கள் பக்கம் படியும் இல்லை, இறங்க வழியும் இல்லை. இடுப்புயரத்துக்கு எவர்சில்வர் கம்பி. தங்கத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் எட்டிப் பார்த்தாள்.

"இத்தன வருசமா அங்கன விட்ட தண்ணி கடல் தாண்டி வந்துச்சோ இல்லையோ. இங்கன விட்டா பக்கம்."

இருமல் மருந்துக் குப்பியில் தாமிரபரணித் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். எள் ஒரு தாள் பொட்டலத்தில். நான் உள்ளங்கையில் எள்ளை வாங்கும்போது ஒரு காவலாளி வந்தான். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். காது மறையத் தொப்பி போட்டு, பெரிய குடை ஒன்றைக் கக்கத்தில் வைத்திருந்தான். ஆற்றில் எதையும் போடக் கூடாது, கேமரா இருக்கிறது என்று தமிழிலேயே சொன்னான்.

நான் விளக்கினேன். இரண்டு ஆறு சேருகிற ஊர்க்காரர்கள் நாங்கள், உலகத்தில் எங்கெங்கே ஆறுகள் சேருகின்றனவோ அங்கெல்லாம் போய்ச் சரியாகச் சேருகிறதா என்று பார்ப்பது எங்கள் குடும்ப வேலை, இந்த எள்ளைப் போட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும் என்றேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். அப்புறம் தங்கத்தாயைப் பார்த்தான்.

"எங்க அப்பாவுக்குய்யா. பால் வெட்ட வந்தவுக. மொகம் பாத்ததில்ல."

அவன் கேமராக் கம்பத்தடிக்குப் போய், கேமராவுக்கு நேரே குடையை உயர்த்தி விரித்தான். வானம் வெளுத்துக் கிடந்தது.

"மழ வரும்போல" என்றான், அண்ணாந்து பார்த்தபடி.

பொய்யை இவ்வளவு அழகாகச் சொல்லும் ஒருவனை நான் வெளியூரில் பார்த்ததில்லை. கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன். அவள் குப்பியைச் சாய்த்தாள். சுடலையாண்டி என்று மூன்று முறை சொன்னேன். தண்ணீர் வெகுதூரம் விழுந்தது. பாதி எள்ளைக் காற்று திருப்பி என் சட்டைக்கே அனுப்பியது. மீதி போயிருக்கும்.

அடுத்து காக்கை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுவந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, முதல் பிடியைக் கம்பி ஓரத்துத் திட்டில் வைத்தாள். காக்கை வரவில்லை. நான் வாயில் கைவைத்துக் கா கா என்று கூப்பிட்டேன். ஒரு வெள்ளைக்கார ஜோடி என்னைப் படம் எடுத்தது. ஒரு புறா வந்தது. "நீ யாரு?" என்று அதை விரட்டினாள். விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் நகருவதாகத் தெரியவில்லை. காக்கை எடுக்காமல் அவள் சாப்பிட மாட்டாள், சோற்றைப் போட்டுவிட்டுப் போகவும் மாட்டாள்.

மழை வராதது உறுதியானதும் காவலாளி குடையை மடக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தான். வியர்வையைத் துடைக்கத் தொப்பியைக் கழற்றினான்.

தங்கத்தாய் திட்டிலிருந்த பிடிச் சோற்றை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் சேர்த்து வாங்கி, நின்றபடியே தின்றான்.

அவன் காதுகளைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. ஊரில் சொல்லிப் பார்த்தேன், ஆட்டுரலோடு சேர்த்துவிட்டார்கள். வெயில் அவனுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவன் மென்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு வாய்க்கும் அந்தக் காதுகள் இரண்டும் செம்பருத்திப் பூ மாதிரி சிவந்து அசைந்தன. தங்கத்தாய் பக்கவாட்டில் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.