கழுத்துக்கு மேல் வெளுத்தவர்கள்

1955ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து ஒரு புதன்கிழமை காலை, மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் பால் ஊற்றும் மருதமுத்துவின் முகம் வெளுத்தது. கழுத்து வெளுக்கவில்லை. முந்தைய நாள் வரை புளியங்கொட்டை நிறத்தில் இருந்த மனிதர், விடிந்தபோது சட்டைக் காலர் வரை கோதுமை நிறமாகவும் காலருக்குக் கீழே பழைய மருதமுத்துவாகவும் இருந்தார். மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. மடியில் அவர் கை பட்டதும் அடங்கிப் பால் விட்டன. வாடிக்கைக்காரர்களுக்கு மாடுகளைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்கும் பழகிவிட்டது. அந்த வாரம் நாலு நாள் மழை பெய்தது. பாலில் தண்ணீர் வழக்கமான அளவில்தான் இருந்தது.

காரணம் நிலா ஸ்டூடியோ. தையல் கடைக்கும் காப்பிக்கடைக்கும் நடுவில் அப்துல் சமது நடத்திய அந்த ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தவள் கோகிலா. இருபத்தாறு வயது, அதிகம் பேசமாட்டாள், கூர்மையான கண். நெகடிவ் கண்ணாடியைச் சாய்வு மேசையில் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சம் அதன் வழியே வரும்படி வைத்துக்கொண்டு, நாலே முடி உள்ள பிரஷ்ஷின் நுனியை நாக்கில் நனைத்து, நீர்த்த சிவப்புச் சாயத்தைத் தொட்டுத் தொட்டு வைப்பாள். நெகடிவில் சாயம் ஏற ஏற, படத்தில் அந்த இடம் மட்டும் வெளுக்கும். கன்னம் வேண்டுமா, கன்னம் மட்டும். கண்ணுக்கடியில் கருவளையமா, அது மட்டும். இது எல்லா ஸ்டூடியோவிலும் நடப்பதுதான். அந்த ஐப்பசியிலிருந்து நிலா ஸ்டூடியோவில் கூடுதலாக, படம் காய்ந்ததும் ஆளும் வெளுத்தார். ஆண்களுக்கென்று அங்கே ஒரே ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. ஊரில் படமெடுத்த ஆண்கள் எல்லாரும் அதைத்தான் கழுத்துவரை பொத்தான் போட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோட்டுக்கு மேலே தெரிவது முகம் மட்டும் என்பதால் கோகிலாவின் பிரஷ்ஷும் அதோடு நின்றது. யாரும் கழுத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் ஊர் பயந்திருக்க வேண்டும். ஊர் வரிசையில் நின்றது. புக்கிட் ரம்பாயிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். பெண் பார்க்கும் படம் அனுப்பிய வீடுகளில் மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்து, படத்தில் இருப்பதுபோலவே பெண் இருக்கிறாளே என்று முதன்முறையாக ஏமாறாமல் போனார்கள். கையைப் பார்த்தவர்கள் மட்டும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். கம்போங் செட்டிக்காரர்கள் ஒருவரும் டச்சிங் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மலாய் பேசி வந்த அந்தத் தமிழ் வம்சத்தார், பூசினால் உள்ளங்கால்வரை பூச வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்று மலாயிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அதைத் தமிழில் யாராவது சொல்லியிருந்தால் நம் ஆட்கள் கேட்டிருப்பார்கள் என்று நினைப்பதற்கில்லை.

அப்புறம் மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தது. கொடி மாறியது, குடியுரிமைக்கு மனு வாங்கினார்கள், மனுவுக்குப் படம் கேட்டார்கள். கோகிலாவின் அப்பா பொன்னுதுரை பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்தவர். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, பிறகு முப்பது வருடமாக நகரச் சாலைகளுக்குத் தார் ஊற்றும் கூட்டத்தில் இருந்து, இப்போது அதை மேய்க்கும் மண்டோர். வெயிலும் தாரும் சேர்ந்து அவரை ஒரு தீர்மானமான கறுப்பாக ஆக்கியிருந்தன. அந்த முகம் கோகிலாவுக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் அவரை ஸ்டூடியோ பக்கம் வரவே விட்டதில்லை.

“எல்லாருக்கும் போட்டு விடுற, எனக்கு மட்டும் என்னாவாம்?” என்றார் பொன்னுதுரை, கோட்டை மாட்டிக்கொண்டே.

“ஒங்களுக்கு எதுக்குப்பா அதெல்லாம்?”

“புது நாடு பொறந்துருக்கும்மா. நானும் கொஞ்சம் புதுசா இருந்துட்டுப் போறேனே.”

ஊரான் வீட்டு முகங்களுக்கெல்லாம் மாட்டேன் என்று சொல்லாதவள் சொந்த அப்பாவுக்கு எப்படிச் சொல்வாள்? மூன்று நாள் உட்கார்ந்து, யாருக்கும் போடாத அளவுக்குச் சாயம் போட்டாள். அப்துல் சமது வழக்கப்படி மேலே வார்னிஷ் பூசினார். அதன் பிறகு சாயத்தைக் கழுவ முடியாது. சனிக்கிழமை காலை பொன்னுதுரை காஜா பெராங்கிலேயே மிக வெளுத்த மனிதராக எழுந்து, கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்து, திருப்தியாகப் பசியாறினார்.

பதிவு அலுவலகத்தில் மனு வாங்கியவர் சேதுராமன். நெற்றியில் விபூதி படுக்கையாக மூன்று கோடு. அதற்குக் கீழே, புருவங்களுக்கு நடுவில், சந்தேகம் நெட்டுக்குத்தாக மூன்று கோடு. அவர் பொன்னுதுரையின் பழைய அடையாளக் கார்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடியும் கார்டைப் பார்த்தார்.

“இதுல இருக்கிறது யாரு?”

“நான்தாங்கையா.”

“இங்க நிக்கிறது?”

“அதுவும் நான்தாங்க. கையப் பாருங்கையா, கழுத்தப் பாருங்க.”

“கார்டுல கை இல்லையே.”

பொன்னுதுரை கட்டைவிரல் ரேகையைப் பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள். முப்பது வருடம் கருங்கல் தின்ற விரலில் ரேகை இல்லை. அடுத்தவன் கார்டை வைத்திருக்கிறான் என்று எழுதி, சேதுராமன் கார்டைப் பறித்து அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே மருதமுத்து முதலாக முப்பத்தேழு பேரின் மனுக்கள் இதே குறையோடு கிடந்தன. மாத முடிவுக்குள் நிரூபிக்காவிட்டால் விஷயம் போலீசுக்குப் போகும் என்றார்.

அவசரகாலச் சட்டம் இன்னும் எடுக்கப்படவில்லை. கார்டு இல்லாமல் புக்கிட் காதில் போகும் சாலையில் போலீஸ் தடுப்பைத் தாண்டினால் லாரியில் ஏற்றிவிடுவார்கள். ஊர்ச் சாலையில் பாதியைப் போட்ட மனிதர் சாலையில் கால் வைக்க முடியாமல் வீட்டுக்குள் உட்கார்ந்தார். இதைச் செய்தது தன் கை என்பது கோகிலாவுக்குத் தெரியும். வெளுக்க வைப்பது பிரஷ். கறுக்க வைக்க ஒரே வழி கத்தி. வார்னிஷோடு சாயத்தையும் சேர்த்துச் சுரண்ட வேண்டும். ஒரு மத்தியானம் அப்பாவின் நெகடிவை எடுத்து, இடக் கன்னத்தில் அரிசியளவு சுரண்டி, ஒரு படம் போட்டுக் காயவைத்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பொன்னுதுரை இடக் கன்னத்தில் துணியை அழுத்திப் பிடித்திருந்தார். துணியில் ரத்தம்.

“ஒண்ணுமில்லம்மா, சவரம் பண்ணயில கீறிருச்சு” என்றார். அவர் அன்று சவரம் செய்யவில்லை. முகம் முழுவதையும் சுரண்டுவதை நினைத்துப் பார்த்த கோகிலா, கொல்லைப்புறம் போய் வாய்விட்டு அழுதாள்.

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தபோது சேதுராமனே ஸ்டூடியோவுக்கு வந்தார். அவருக்குப் பதவி உயர்வு. அலுவலகச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். சொந்தக் கோட்டு கொண்டுவந்திருந்தார். “எனக்கு டச்சிங் கிச்சிங்லாம் வேணாம். உள்ளது உள்ளபடி இருக்கணும்” என்று இரண்டு தடவை சொல்லி, போகும்போது மூன்றாவது தடவையும் சொன்னார்.

கேட்காதவர் முகத்தில் பிரஷ் வைக்கக் கூடாது என்பது அப்துல் சமதுவின் ஒரே சட்டம். ஒன்பது வருடத்தில் கோகிலா அதை மீறியதில்லை. சேதுராமனின் நெகடிவைச் சாய்வு மேசையில் வைத்தாள். புருவங்களுக்கு நடுவில் மூன்று கோடு. நாக்கில் பிரஷ்ஷை நனைத்தாள். கோட்டுக்கு ஒன்றாக மூன்று இழுப்பு. அவள் செய்ததிலேயே சின்ன வேலை. அப்துல் சமது நெகடிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவளைப் பார்க்கவில்லை.

“வார்னிஷ கொஞ்சம் தடிப்பாவே பூசிடுறேன் தங்கச்சி” என்றார்.

மறுநாள் காலை சேதுராமன் அலமாரியைத் திறந்து முப்பத்தெட்டு மனுக்களையும் எடுத்தார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, நீதானா என்று கேட்டு, ஆமாம் என்றதும் முத்திரை குத்தினார். அங்க அடையாளம் என்ற இடத்தில் எல்லாருக்கும் ஒன்றேபோல, ‘முகம் வெளுப்பு; காலருக்குக் கீழே சொந்த நிறம்’ என்று எழுதினார். பிறகு ஓய்வு பெறும்வரை எட்டு வருடம் அவர் யாரையும் சந்தேகிக்கவில்லை. பொய் சொல்ல வந்தவர்கள்கூட அந்த நெற்றியைப் பார்த்துக் கூச்சப்பட்டு உண்மையைச் சொன்னதாகப் பேச்சு. மேலும் இரண்டு பதவி உயர்வு கிடைத்தது. அவர் மனைவி பாக்கியலட்சுமி ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தார். “கடைக்குப் போனா ஏன் லேட்டுன்னு கேக்குறதே இல்ல இப்ப. அந்தப் படம் அழிஞ்சிடாம இன்னொரு காப்பி போட்டு வைம்மா” என்றார். கோகிலா போட்டுக் கொடுத்தாள்.

பொன்னுதுரை மறுபடியும் சாலைக்குப் போனார். எவ்வளவு வெயில் அடித்தும் முகம் கறுக்கவில்லை. கத்தி பட்ட இடம் மட்டும் ஆறியபோது பழைய நிறத்துக்கு வந்து, இடக் கன்னத்தில் ஓர் அரிசியளவு கறுப்பாக நின்றது. மச்சம் என்று அவரே சொல்லிக்கொண்டார். கோகிலா பிறகு யாருக்கும் முகத்தில் பிரஷ் வைக்கவில்லை. பின்னால் தொங்கும் திரையின் சுருக்கங்களை மட்டும் சரிசெய்தாள், திரை அதன்பின் கசங்கவே இல்லை.

1966இல் பொன்னுதுரை இறந்தபோது புக்கிட் ரம்பாயிலிருந்து வந்த உறவினர்கள் வாசலில் நின்று, இது சரியான வீடுதானா என்று ஒருமுறை கேட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். மருதமுத்து நேராகக் கையைத் தொட்டுக் கும்பிட்டார். வாய்க்கரிசி போடும் முறை வந்தது. கோகிலா வலக்கையால் அரிசியைப் போட்டாள். இடக்கை விரலை அந்த மச்சத்தின் மேல் வைத்து, “அப்பா” என்று அந்த இடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். பின்னால் நின்றவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை.