வெள்ளிக்கிழமைக் காணிக்கை

"உங்க சாமி நாப்பது நாள் பட்டினி கெடந்தாரு. சரி, யாரு வேணாம்னா—"

"அக்கா, கத்தாதீங்க, மேல கேக்கும்—"

"கேக்கட்டுமே! அவரு பட்டினி கெடந்ததால சமையக்காரி கூலி போச்சுன்னு உங்க வேதத்துல எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

"பாலைவனத்துல ஏதுக்கா சமையக்காரி?"

"அதைத்தான்டி நானும் சொல்றேன். அங்க இல்ல. இங்க ஒம்போது பேரு இருக்கோம்."

மல்சுக் முள்ளங்கியின் தலையை ஒரே போடாகப் போட்டாள். ஜெம்மா கீரையை அலசினாள். சோயா விழுதுச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அண்டாக்களின் ஆவி கூரையில் முட்டித் திரும்பி இறங்கியதில் ஆட்கள் இடுப்புக்கு மேல் கரைந்து போயிருந்தார்கள். ஈரத் தரையில் ரப்பர் பூட்ஸ்கள் மட்டும் தாங்களாகவே போய் வந்துகொண்டிருந்தன.

மோக்போ துறைமுகத்துக்கு மேலே, குன்றின் மீதிருந்தது கன்னியர் நடத்தும் அந்தப் பெண்கள் பள்ளி. போன வருடம் வரை தவக்காலத்தில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் மதியச் சாப்பாட்டை விடுவார்கள். இந்த வருடம் பிள்ளைகளே கூடிப் பேசி, எல்லா வெள்ளியும் விடுவதென்று முடிவெடுத்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஓர் உருண்டைச் சோற்றை மௌனமாகத் தின்பார்கள். மிச்சமாகிற சாப்பாட்டுப் பணம் எங்கோ தூரதேசத்து அநாதைக் குழந்தைகளுக்குப் போகும். சமையலறைப் பெண்கள் தினக்கூலிகள். அடுப்பு எரியாத நாளில் கூலி இல்லை.

"நான் போய்ச் சொன்னா, புத்தர் கோயிலுக்குப் போறவளுக்கு என்ன தெரியும்னு விட்டுடுவாங்க" என்றாள் மல்சுக். "நீ அவங்க ஆளு. வெள்ளை முக்காடு போட்டுக்கிட்டு முதல் வரிசையில உக்காருறவ. நீ கேட்டா காது குடுப்பாங்க."

"பச்சப் புள்ளைங்க வயித்தைக் கட்டிக் குடுக்குதுங்க அக்கா. அதுல போய் எப்படிக் கைய நீட்டுறது?"

"புள்ளைங்க ராத்திரி வீட்டுக்குப் போய் ரெண்டு கிண்ணம் சேத்துத் திங்கும். உன் புருஷன் முதுகு?"

கீரையிலிருந்து மண் பிரிந்து தண்ணீரின் அடியில் மெல்லப் படிந்தது. ஜெம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கப்பல் கட்டும் தளத்தில் பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தவன் அவள் புருஷன் தேஷிக். அவன் எங்கள் ஆளே இல்லை என்று சொல்லிவிட்டது கம்பெனி. துறைமுகத்து மருத்துவமனையில் சனிக்கிழமைதோறும் ஒருவர் கையால் அழுத்தி முதுகை நிமிர்த்திவிடுவார். காப்பீட்டில் வராத வைத்தியம் அது. வெள்ளிக்கிழமைக் கூலி அப்படியே அங்கே போகும். குளிர்காலம் முடியும் முன் தேஷிக் உட்கார்ந்து தன் காலுறையைத் தானே மாட்டுகிற அளவுக்கு வந்திருந்தான். இரண்டு சனிக்கிழமை தவறியதும் மறுபடி இறால் மாதிரிச் சுருண்டுவிட்டான்.

"நாளைக்குப் போறேன்" என்றாள் ஜெம்மா.

மறுநாள் வெள்ளி. வேலை இல்லாத நாளில் அந்த மேட்டை ஏறுவது வேறு யாரோ ஏறுவது போலிருந்தது. கடலிலிருந்து கிளம்பிய மூடுபனி குன்றைப் பாதி விழுங்கியிருந்தது. மதிய மணி அடித்தது. தட்டுச் சத்தம் இல்லை, சாப்பாட்டு வாசனை இல்லை. ஜன்னல்களுக்குப் பின்னால் அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் மெல்லுகிற ஓசையில்லாத ஓசை மட்டும் கேட்பது போலிருந்தது அவளுக்கு. இலையே இல்லாத மக்னோலியா மரத்தில் வெள்ளைப் பூக்கள் பிடிமானமின்றி மிதந்தன. அதன் கீழே, பனியிலிருந்து பிரிந்து வந்தார் தலைமைச் சிஸ்டர் அகதா.

"ஜெம்மாம்மா! லீவு நாள்லயுமா?"

"சிஸ்டர், ஒரு விஷயம். இந்த வெள்ளிக்கிழமையப் பத்தி—"

"தெரியும்மா. பேக் அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க."

பேக் அம்மாதான் சமையலறை மேற்பார்வை. ஜெம்மாவின் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. தெரிந்துவிட்டதா? இனி வாயைத் திறக்கவே வேண்டாமா?

"நீங்க ஒம்போது பேரும் வெள்ளிக்கிழமைக் கூலிய அப்படியே காணிக்கையா விட்டுட்டீங்கன்னு சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி ஜெபத்துல அழுதுட்டேன்மா. வகுப்பு வகுப்பாப் போய்ச் சொன்னேன். இருக்கறவங்க குடுக்கறது பெரிசில்ல, நம்ம சமையலறை அம்மாக்களப் பாருங்கன்னு."

"பேக் அம்மா… அப்படியா சொன்னாங்க?"

"வெளிய தெரிய வேணாம்னு நெனச்சீங்க. அதானே? எனக்குத் தெரியாதா உங்கள!" சிஸ்டர் அவள் கையை எடுத்துத் தம் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். இதமான கைகள். விரலில் கத்தி பட்ட பழைய வெட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொடுத்தார். "வர்ற புதன்கிழமைப் பூசையில புள்ளைங்க உண்டியல எடுத்துட்டு வருவாங்க. உங்க ஒம்போது பேருக்காக நீங்க ஒரு கூடை கொண்டு வரணும். முடியாதுன்னு சொல்லக் கூடாது."

"ஆகட்டும் சிஸ்டர்."

தூக்கத்தில் பேசுவது போல அது தானாக வந்தது. சிஸ்டர் மறுபடி பனிக்குள் போனார். கொஞ்ச நேரம் அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"சொன்னியா?" என்றான் தேஷிக், சுவரைப் பார்த்துப் படுத்தபடியே.

"இல்லீங்க."

"பின்ன என்னதான் பேசின?"

"என்னைக் காணிக்கை தூக்கச் சொல்லியிருக்காங்க. நாமளா விரும்பிக் கூலிய விட்டோம்னு நெனச்சுட்டாங்க."

அவன் சிரித்தான். சிரிப்பு முதுகில் பிடித்துக்கொண்டது. வாய் திறந்தபடியே அசையாமல் கிடந்து, அது விடும்வரை காத்திருந்தான். பிறகு சொன்னான்: "பரவாயில்ல. இவ்வளவு நல்ல மனசு நமக்கிருக்குன்னு எனக்கே தெரியாமப் போச்சு பாரு."

புதன்கிழமை அவள் விசேஷ நாள் பட்டுப் பாவாடைக்கும் மேல்சட்டைக்கும் நாடா கட்டிக்கொண்டிருந்தபோது, அவனும் வருகிறேன் என்றான். "பீடம் வரைக்கும் நீ நடந்து போறத நான் பாக்க வேணாமா?" உருண்டு, கைகளை ஊன்றி, முட்டி போட்டான். கதவு வரை தவழ்ந்து வந்தவன், நிலைப்படியைப் பிடித்து எழப் பார்த்தான். முடியவில்லை. நெற்றி வேர்வை தரைவிரிப்பில் சொட்டியது. அவள் குனிந்து தோளைக் கொடுத்தாள். அப்போதும் முடியவில்லை.

"நீ போ" என்றான், நான்கு காலில் நின்றபடி. "நேரமாச்சு."

பள்ளி மண்டபம் முழுக்க வெள்ளை முக்காடுகள். சாம்பிராணிப் புகையில் அவை முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. சமையலறைப் பெண்களுக்கு நடுவரிசை. மல்சுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு பட்டுத்துணி" என்று முணுமுணுத்தாள். "அவன் எப்படி இருக்கான்?"

"வாசல்ல விட்டுட்டு வந்தேன் அக்கா."

"வாசல்லயா?"

பாட்டு எழுந்துவிட்டது. பிள்ளைகள் அட்டை உண்டியல்களை ஏந்தி நடந்தார்கள். கடைசியில் ஜெம்மா. கூடையில் வெள்ளைத் துணி விரித்து, மடித்த புது ஏப்ரனும் ஒரு சோற்று அகப்பையும் வைத்திருந்தார்கள். சின்னதாக ஓர் அட்டையும் இருந்தது: எங்கள் வெள்ளிக்கிழமைகள். கூடை கனக்கவேயில்லை. கால் தரையில் பாவுகிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. இருபுறமும் பெண்பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நம் சமையலறைத் தாய்மார்கள் மனமுவந்து அளிப்பது" என்று மைக்கில் வாசித்தாள் ஒரு மாணவி.

பீடத்தின் முன்னால் ஃபாதர் கைகளை நீட்டினார். ஜெம்மா கூடையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். அவள் விரல்கள் பிடியை விடவில்லை. மறந்துவிட்டாள் போலும் என்று ஃபாதர் புன்னகைத்து, மெதுவாக இழுத்தார். கூடை வரவில்லை. பாட்டின் கடைசி அடியும் முடிந்து மண்டபம் அடங்கியது. முதல் வரிசையில் சிஸ்டர் அகதா கைகூப்பி, ஈரக் கண்களோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுக்கிறீங்களான்னு எங்ககிட்ட யாரும் கேக்கவே இல்ல, ஃபாதர்."