சுட்டுவிரலில் ஒரு வியர்வைக்குழல்

பிறர் திசுவை நுண்ணோக்கியில் கண்டு நோய்க்குப் பெயர் சூட்டுவது தைமியின் தொழில். அன்று ஆராயப்பட்டது அவளுடைய திசுவே. வலக்கைச் சுட்டுவிரல் நுனியில் எழுந்து, அறுத்தெடுக்கப்பட்ட செந்நிறக் கட்டி. தன் திசுவுக்குத் தானே முடிவு சொல்லலாகாது என்பது பின்லாந்தின் ஔலு நகர மருத்துவமனையின் விதி. ஆகவே அது சக மருத்துவன் ஓஸ்மோவின் மேசைக்குப் போயிருந்தது. தீங்கற்றதாயின் விரல் பிழைக்கும். புற்றாயின் முதற்கணுவோடு போகும்.

இருந்தாள், எழுந்தாள், சன்னலுக்குச் சென்று மீண்டாள். வெளியே பெய்த பனியும் கண்ணில் தங்கவில்லை. கதவைத் தட்டாமலே ஓஸ்மோவின் அறைக்குள் புகுந்தாள்.

“சொல்லித் தொலையேன்!”

“வந்துட்டியா? அவசரப்படுத்துற டாக்டருங்களை எப்படித் திட்டுவ நீ!”

இருவர் காணும் நுண்ணோக்கியின் மறுபுறத்தைக் காட்டினான். அவள் குனிந்தாள். மேல்தோலோடு தொடர்பின்றி, ஆழத்தில், தீவுதீவாய் உயிரணுக் கூட்டங்கள் சிதறிக் கிடந்தன. ஓர் அணு இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது.

“உள்ள எறங்கிடுச்சு, ஓஸ்மோ. விரல் போச்சு.”

“அடிப்பாவி! வேற யாரோடதாவது இருந்தா, மெழுகுல எப்படிப் பதிச்சாங்கன்னுதானே மொதல்ல கேப்ப?”

அவள் மறுபடி குனிந்தாள். சீவுவதற்காக மெழுகில் பதித்த துண்டு சாய்ந்திருந்தது. மேல்தோலிலிருந்து விழுதாய்த் தொங்கும் அணுத்திரள்களைக் குறுக்கே அரிந்தால் ஒவ்வொன்றும் தனித்தீவாகவே தோன்றும். இதில் ஏமாந்தோரை அவளே கேலி செய்ததுண்டு.

“காலையிலயே திருப்பிப் பதிக்கச் சொல்லிட்டேன். இதப் பாரு.”

புதிய சீவலில் மேல்தோலிலிருந்தே அகன்ற விழுதுகள் இறங்கின. ஒரே அளவான சிற்றணுக்கள், பக்கத்துத் தோலணுக்களோடு கலவாமல், கோடு கிழித்தாற்போல் நின்றன. கீழ் எல்லையும் சிதையவில்லை. இடையிடையே மெல்லிய உட்படலம் மின்னும் நுண்குழல்கள். வியர்வைக்குழல் மேல்தோலைத் துளைத்து வெளிப்படும் வாயிலில் பிறந்த அணுக்கள், ஒரு துளி வியர்வையும் வந்துசேராத இடத்தில், குலத்தொழில் மறவாது குழல் சமைத்துக்கொண்டிருந்தன.

“அப்ப அந்தப் பிளவு?”

“நல்ல கட்டியிலயும் அணு பிளக்கும். உனக்குத் தெரியாததா?”

“இன்னும் ஆழமா ஒரு சீவல் எடுக்கச் சொல்லேன்.”

“எடுத்துக்கிட்டே போனா கட்டியே மிஞ்சாது, தாயே! போரோமா. வியர்வைக்குழல் கட்டி. தீங்கில்லாதது. முழுசா எடுத்தாச்சு. எழுதிட்டேன், போ.”

தைமி போகவில்லை. கட்டுப்போட்ட விரலை விலக்கிப் பிடித்தபடி, விழுதுகளின் ஓரத்தை மறுபடியும் ஒரு முனையிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். ஓஸ்மோ நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தான். அதன் பின்னும் அவள் கண்ணை எடுக்கவில்லை.