நீலம் பூக்காத குழாய்

1913இல் அமெரிக்காவின் நியூவர்க்கில், ரேடியோவுக்கான வெற்றிடக் குழாய் செய்யும் அந்தப் பட்டறையில் லைமன்தான் மூத்தவன். ஆனால் முதலாளி வந்ததும் தேடுவது, ஆறு மாதம் முன் சேர்ந்த கோர்ட் என்ற இளைஞனை. லைமனுக்கு வயிறு எரிந்தது.

லைமனின் குழாய்களுக்குள் நீல ஒளி பூக்கும். அதுதான் குழாயின் உயிர் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தான். அன்று கோர்ட் ரேடியோவில் மாட்டிய குழாயில் துளி நீலமில்லை. லைமனுக்கு உள்ளம் குளிர்ந்தது.

"என்னப்பா, செத்த குழாயா? முதலாளியை சாவுக்கு வரச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. முதல்ல இதைக் காதுல மாட்டுங்க."

லைமன் சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினான். நடுக்கடலில் போகும் கப்பலின் தந்திச் சத்தம் கணீரென்று விழுந்தது. அவன் குழாய்களில் இரைச்சலைத் தாண்டி அது ஒருநாளும் கேட்டதில்லை. சிரிப்பு செத்தது.

"யாருடா செஞ்சது இதை?"

"நீங்கதான். போன வாரம் செஞ்சீங்களே, அதேதான். திரும்பப் பம்புல மாட்டி, உள்ள மிச்சமிருந்த காத்தையும் உறிஞ்சிட்டேன். காத்தோட நீலமும் போயிடுச்சு."

அப்போது முதலாளி உள்ளே வந்து, ஹெட்போனை வாங்கிக் கேட்டார். "அடேயப்பா! யாரோட குழாய்?"

கோர்ட் லைமனைக் கைகாட்டினான். அந்தக் கை தன் கன்னத்தில் விழுந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது லைமனுக்கு.