0000: செயலற்றோர்

புதிய தொழில் வகைப்பாட்டுப் பட்டியல் அமலுக்கு வந்த திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, பூட்டு ரிப்பேர்க்காரரின் கடையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த நாற்பத்தாறு பூட்டுகளும் பால் சுரந்தன. பித்தளைப் பூட்டுகளில் கெட்டியாக வந்தது, இரும்பில் கொஞ்சம் நீர்த்து வந்தது, சைக்கிள் பூட்டுகளில் சொட்டுச் சொட்டாகத்தான். பூட்டுக்காரர் அதை எண்ணெய் என்று நினைத்து முதலில் துணியால் துடைத்தார், பிறகு விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், பிறகு பக்கத்துக் கடையில் இரண்டு வாளி இரவல் வாங்கினார். மத்தியானத்துக்குள் தெருவிலிருந்த பூனைகள் எல்லாம் அவர் கடை வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவருடைய மனைவி தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தில் குறியீட்டு எழுத்தர். கணவர் போனில் விஷயத்தைச் சொன்னதும் அவள் பட்டியலைப் புரட்டினாள். பூட்டு பழுது பார்த்தலுக்கு உரிய எண் 7142. அச்சில் 1742 என்று விழுந்திருந்தது. 1742 என்றால் கறவை மாடு வளர்ப்பு. அந்தப் பக்கத்தைச் சரிபார்த்ததாக மூன்று கையெழுத்துகள் இருந்தன, முதல் கையெழுத்து அவளுடையது.

அலுவலகத்தில் அவளுக்கு நாலிலக்கம் என்று பட்டப்பெயர். இருபத்திரண்டு வருஷமாக ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் நான்கு இலக்கங்களுக்குள் அடக்கி அட்டையில் ஏற்றி வந்ததால், தெருவில் யாரைப் பார்த்தாலும் அவளுக்கு எண்தான் முதலில் ஞாபகம் வரும், முகம் அப்புறம்தான். பட்டியலைப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை திருத்துவார்கள். அதற்கென்று ஏழு பேர் கொண்ட குழு இருந்தது; ஏழு பேரும் ஆண்கள், ஏழு பேருக்கும் முதுகுவலி, ஒருவரும் ஒரு பட்டறைக்குள் கால் வைத்தவர் இல்லை. கல்லறைக் கல் செதுக்குபவர்களையும் பல் கட்டுபவர்களையும் அவர்கள் ஒரே எண்ணில் சேர்த்தார்கள், இரண்டும் வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருக்கும் என்பது குழுத் தலைவரின் வாதம். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஊரில் புதிதாகக் கட்டிய ஒவ்வொரு பல்செட்டிலும் பிறந்த தேதி பொறித்து, இறந்த தேதிக்கு இடம் விட்டிருந்தது. வக்கீல்களைப் பொழுதுபோக்குச் சேவைகளுக்கு நகர்த்தியிருந்தார்கள். அங்கே மட்டும் எந்த மாற்றமும் தெரியவில்லை.

இதையெல்லாம் நாலிலக்கம் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பு பற்றவைக்கப்படாமல் இருந்தது, காலைப் பாத்திரம் தொட்டியில் அப்படியே கிடந்தது, அவளுடைய இரண்டு மகள்களும் பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றாமல் ஆளுக்கொரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள், நாத்தனார் சமையலறை முக்காலியில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நாத்தனார் என்றால் பூட்டுக்காரரின் அக்கா. கல்யாணமாகாதவர், ஐம்பத்தாறு வயது, இந்த வீட்டில் விழும் ஒவ்வொரு துரும்பையும் எடுத்துப்போட்டு வந்தவர். அவர் இருந்ததால்தான் நாலிலக்கம் ஒரு நாள்கூட அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனதில்லை.

"கை வர மாட்டேங்குது," என்றார் நாத்தனார். "வலியெல்லாம் இல்ல. வேலைன்னு போனா மட்டும் வர மாட்டேங்குது."

சோதித்துப் பார்த்தார்கள். சீப்பை எடுத்துத் தன் தலையை வாரிக்கொள்ள அவரால் முடிந்தது, அதே சீப்பைச் சின்னவளின் தலைப்பக்கம் கொண்டுபோனால் கை பாதியில் நின்றது. கரண்டி அவர் வாய்க்குப் போனது, பாத்திரத்துக்குள் இறங்கவில்லை. துடைப்பத்தைப் பிடித்து அறை முழுக்க நடந்தார், தூசி இருந்த இடத்திலேயே இருந்தது. காரணம் நாலிலக்கத்துக்குத் தெரியும். பழைய பட்டியலில் நாத்தனாரைப் போன்றவர்களுக்கு எண் கிடையாது, 'வீட்டுக் காரியம் பார்ப்போர்' என்று ஓர் அடிக்குறிப்பு மட்டும் இருந்தது. அடிக்குறிப்பு பக்கத்தின் அழகைக் கெடுக்கிறது என்று குழு அதை எடுத்துவிட்டு, எல்லாரையும் ஒரே எண்ணில் போட்டது. 0000, செயலற்றோர். ஊரில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் அட்டைகளில் அந்த நான்கு பூஜ்யங்களை அடித்தவை நாலிலக்கத்தின் விரல்கள். நாத்தனாரின் அட்டை வந்தபோது ஒரு கணம் தயங்கினாள், பிறகு மற்ற அட்டைகளைப் போலத்தான் என்று அதையும் அடித்து முடித்து, நாத்தனார் கட்டிக் கொடுத்திருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

மறுநாள் அவள் இயக்குநரின் அறைக்குப் போனாள். இயக்குநர் கசங்கிய சட்டையில், ஒரு காலில் கறுப்பும் ஒரு காலில் பழுப்புமாகக் காலுறை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டிலும் ஒரு 0000 அட்டை உண்டு. இருந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் நாற்காலி மாதிரிதான் பேசுவார்.

"பட்டியலை நான் தொட முடியாதும்மா. பத்து வருஷத்துக்கு அது கல்வெட்டு. ஒரு ஆளோட அட்டையில எண் தப்பா ஏறியிருந்தா, காலாண்டுக் கடைசியில அட்டையைப் பிரதி எடுக்கறப்ப மாத்தலாம். ஆனா தப்புன்னு நிரூபிக்கணும்."

"எப்படி சார் நிரூபிக்கறது?"

"கணக்கெடுப்பாளரை அனுப்பறேன். போன வாரம் என்ன வேலை செஞ்சாங்கன்னு கேட்பார். செஞ்சிருந்தா எண் தப்பு. செய்யலைன்னா சரி."

கணக்கெடுப்பாளர் அடுத்த வாரம் வந்தார். ஒல்லியான, மரியாதை தெரிந்த மனிதர், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். போன வாரம் ஒரு மணி நேரமாவது ஏதாவது வேலை செய்தீர்களா என்று கேட்டார். நாத்தனார் யோசித்து, இல்லை என்றார். தேடினீர்களா என்று கேட்டார். எதை என்றார் நாத்தனார். கணக்கெடுப்பாளர் இரண்டு கட்டங்களில் டிக் போட்டு, எண் சரியாக இருப்பதாக எழுதிக் கையெழுத்து வாங்கினார். அப்படிப் பன்னிரண்டாயிரம் வீடுகளுக்கும் போனார்கள், பன்னிரண்டாயிரம் எண்களும் சரியாக இருந்தன. அலுவலகத்தின் வரலாற்றிலேயே முதல் முறையாகப் பிழை விகிதம் பூஜ்யத்துக்கு வந்தது. இயக்குநருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, அதை அவர் அதே கசங்கிய சட்டையில் நின்று வாங்கிக்கொண்டார்.

ஊர் அதற்குள் நாறத் தொடங்கியிருந்தது. ஆண்கள் பொத்தான் இல்லாத சட்டைகளை ஊசி குத்திப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். பள்ளிகளில் முதல் இரண்டு பாடவேளை தலைவாருவதற்கு ஒதுக்கப்பட்டது. படுக்கையில் கிடந்த கிழவர்களைத் திருப்பிப் போட ஆளில்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள், ஆஸ்பத்திரி நடைபாதை வரைக்கும் கிழவர்கள். குழு அவசரமாகக் கூடியது. வீட்டுக் காரியத்துக்கு ஒரு எண் கொடுப்பது என்று ஏழு பேரும் ஒப்புக்கொண்டார்கள், எந்தத் துறையில் சேர்ப்பது என்பதில்தான் சண்டை. ஒருவர் உணவு உற்பத்தி என்றார், ஒருவர் போக்குவரத்து என்றார், ஒருவர் தன் மனைவியை எண்ணிப் பார்த்துப் பாதுகாப்புத் துறை என்றார். உற்பத்தி என்று ஒப்புக்கொண்டால் இத்தனை வருஷமும் அது எங்கே போனது என்று கேள்வி வரும் என்று தலைவர் எச்சரித்தார். கடைசியில் அதை ஆராயத் துணைக்குழு ஒன்றை அமைத்து, அறிக்கை தர ஒன்பது வருஷம் அவகாசம் கொடுத்துவிட்டுக் கலைந்தார்கள். தேநீர் குடித்த கிளாஸ்களைக் கழுவ யாருக்கும் தெரியவில்லை.

நாலிலக்கத்தின் வீட்டில் பூட்டுக்காரர் சமைக்கக் கற்றுக்கொண்டார். பாலுக்குப் பஞ்சமில்லாததால் பெரும்பாலும் பாலில் எதையாவது போட்டுக் கொதிக்கவைத்தார், எல்லாவற்றிலும் லேசாக இரும்பு வாசம் இருந்தது, பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள். தன் எண்ணை மாற்ற வேண்டாம் என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார். நாற்பத்தாறு பூட்டும் காலையில் தனக்காகக் காத்திருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. நாலிலக்கம் அதிகாலையில் எழுந்து துணி துவைத்து, பெருக்கி, தலைவாரி, மூச்சு வாங்கத் தாமதமாக அலுவலகம் போனாள். நாத்தனார் முக்காலியை விட்டுவிட்டு ஜன்னலோர நாற்காலிக்கு மாறியிருந்தார். தனக்காகப் படிப்பதைக் கை தடுக்கவில்லை என்று கண்டுபிடித்து, வீட்டில் கிடந்த பழைய பத்திரிகைகளையெல்லாம் முடித்துவிட்டிருந்தார்.

காலாண்டு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாலிலக்கம் அவர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த எண்ணை அடிச்சது நான்தான்."

"தெரியும். உன் கையெழுத்துதானே கீழ இருந்துச்சு. கணக்கெடுக்க வந்த தம்பி காட்டினார்."

"தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கலையே."

"என்னத்தைக் கேக்கறது. இத்தனை வருஷமா பக்கத்துல இருந்து பார்த்தவ நீ. உனக்கே அப்படித்தான் தோணியிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நாலிலக்கம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். நிரூபணம் கேட்பது திருத்தத்துக்குத்தான். கை தவறி விழும் பிழையை அந்த அலுவலகத்தில் யாரும் பார்ப்பதே இல்லை, பூட்டு பால் கறந்ததே அதற்குச் சாட்சி. பிரதி எடுக்கும்போது அவள் கை தவறப் போகிறது. பட்டியலில் 9700 என்று ஒரு எண் இருக்கிறது, வீட்டுப் பணிச் சேவை, அதைப் போட்டுவிட்டால் அக்காவுக்கு எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

நாத்தனார் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். இரண்டரை மாதத்தில் விரல் இடுக்கில் இருந்த வெடிப்பெல்லாம் மூடியிருந்தது.

"பழையபடியா," என்றார். "சும்மா செஞ்சதை இனி நம்பர் போட்டுச் செய்யணுமாக்கும்." பிறகு, "அந்தப் பட்டியல்ல மொத்தம் எத்தனை இருக்கு?" என்று கேட்டார்.

"ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

"நாளைக்கு வர்றப்ப எடுத்துட்டு வா."

நாத்தனார் பட்டியலை ஒன்பது நாள் படித்தார், முன்னுரை உட்பட. சில பக்கங்களில் சிரித்தார். கண்ணாடி ஊதுதல், தேன் எடுத்தல், மணிக்கூண்டுப் பராமரிப்பு ஆகியவற்றில் மூலையை மடித்து வைத்து, பிறகு பிரித்துவிட்டார். பத்தாம் நாள் காலை தேநீர் குடித்துக்கொண்டே முடிவைச் சொன்னார். 5318, கலங்கரை விளக்கப் பராமரிப்பு. கடல் அந்த ஊரிலிருந்து இருநூற்றுப் பத்து மைல் தள்ளி இருந்தது, அவர் அதைப் பார்த்ததே இல்லை. பூட்டுக்காரர் மட்டும், "அக்கா, அதுக்கு நிறையப் படி ஏறணுமே, உனக்கு முழங்கால் வலி வேற," என்றார். உங்க ரெண்டு பேர் துணியையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்த முழங்கால்தானே என்றார் நாத்தனார்.

காலாண்டின் கடைசி வெள்ளிக்கிழமை நாலிலக்கத்தின் கை தவறியது. வேலை போனால் போகட்டும் என்று அவள் அன்றைக்கே மேசை இழுப்பறையைக் காலி செய்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை ஒன்பதே காலுக்குத் தெருக்கோடியில், லாரிகள் நிறுத்தும் காலி மனை இருந்த இடத்தில், கடல் வந்து நின்றது. சத்தம் போடாமல், யார் வீட்டுக்குள்ளும் நுழையாமல், நடைபாதை விளிம்போடு நின்றுகொண்டது. அதன் ஓரத்தில் வெள்ளையும் சிவப்புமாகக் கோபுரம். நாத்தனார் நூற்றுப் பத்துப் படிகளையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, கண்ணாடிகளைத் துடைத்தார். தூசி துணியோடு வந்தது. அங்கிருந்து அவர் கீழே பார்த்துக் கை காட்டியதை நாலிலக்கமும் பூட்டுக்காரரும் பிள்ளைகளும் பார்த்தார்கள்.

இயக்குநர் விசாரணைக்குக் கூப்பிட்டார். நாலிலக்கம் அச்சுப் பிழை என்றாள். கணக்கெடுப்பாளரை அனுப்பினார்கள், அவர் கோபுரத்தின் உச்சி வரை ஏறிப் போய், மூச்சு வாங்க இறங்கி வந்து, சம்பந்தப்பட்டவர் விளக்கைப் பராமரிப்பதை நேரில் பார்த்ததாகவும் எண் சரியாக இருப்பதாகவும் எழுதிக் கொடுத்தார். பிழை விகிதம் பூஜ்யத்திலேயே நின்றது, இயக்குநருக்கு அது போதும். அதற்கு மறுநாள் நாலிலக்கத்தின் மேசைக்கு எதிரே முந்நூறு பெண்கள் நின்றார்கள், பட்டியலைப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டு. வரிசையின் நடுவில் இயக்குநரின் மனைவியும் இருந்தார், மலைப்பாறை ஆய்வு என்ற பக்கத்தைக் கேட்டு வாங்கினார். நாலிலக்கம் ஒவ்வொருவருக்கும் நிதானமாகப் படித்துக் காட்டினாள். அந்த வருஷக் கடைசிக்குள் அவள் கை நாலாயிரம் முறை தவறியது, ஊருக்கு மேற்கே ஒரு மலையும் வடக்கே ஒரு சிறு விமான தளமும் வந்து சேர்ந்தன, ஆண்களுக்குப் பொத்தான் தைக்கத் தெரிந்துவிட்டது. கடலுக்கு வார்டு அலுவலகம் கதவிலக்கம் கொடுத்திருக்கிறது. அந்தத் தெருவில் இப்போது துணி காயக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, காற்றில் உப்பு அதிகம் என்கிறார்கள். பூட்டுக்காரர் தன் அக்காவின் வெள்ளைச் சீருடையை மட்டும் தனியாக அலசி, காலரைத் தேய்த்து, நிழலில் போடுகிறார்.