கிராஸ்னிக் சாக விடாதவர்கள்

ஐசடோர் கிராஸ்னிக் காப்பாற்றிய முதல் ஆள் ஒரு திங்கட்கிழமை காலை சினிமா ஸ்டுடியோ வாசலில் ஈரச் சட்டையோடு வந்து நின்று சாப்பாடு கேட்டான். கப்பல் கேப்டன். வெண்டல் ஹார்ப் எழுதிய கதையில் அவன் மூழ்கிச் செத்திருந்தான். வெளியிடுவதற்கு முன் பொமோனா ஊர் தியேட்டரில் படத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் போட்டுக் காட்டியபோது, ஜனங்கள் கருத்து அட்டையில் 'முடிவு பிடிக்கவில்லை' என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். தயாரிப்புத் தலைவர் கிராஸ்னிக் முடிவை மாற்றி எடுக்கச் சொன்னார். கேப்டன் பிழைத்தான், படமும் பிழைத்தது. அந்த வேஷம் போட்ட நடிகர் அப்போது மாலிபு கடற்கரை வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்றவன் கதையில் வந்த கேப்டனேதான்.

அதன்பிறகு காசநோய்க்காரிகள், தூக்குமேடைத் திருடர்கள், முதுகில் சுடப்பட்ட ஷெரீப் என்று வருஷா வருஷம் வந்தார்கள். கேன்டீனில் கோழி சூப்பைக் குடித்துவிட்டு அரண்மனை செட்டில் படுத்துக்கொண்டார்கள். நடிகர்களுக்கு உட்கார இடமில்லை.

"ஒருத்தனையாவது நிம்மதியா சாக விடுய்யா! இருபது வருஷமா எழுதுறேன், எனக்குன்னு ஒரு பொணம் மிஞ்சலே," என்று வெண்டல் கத்துவார்.

"பொணம் டிக்கெட் வாங்குமா, வெண்டல்?" என்பார் கிராஸ்னிக்.

டெலிவிஷன் வந்து தியேட்டர்கள் காற்று வாங்கத் தொடங்கியதும் ஸ்டுடியோவின் நியூயார்க் முதலாளிகள் கிராஸ்னிக்கைப் போனில் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த படத்தில் நர்ஸ் செத்தே ஆகவேண்டும், விருது கிடைக்கும், முடியாதென்றால் நீ வீட்டுக்குப் போகலாம். கிராஸ்னிக் கேன்டீனுக்குப் போய்ப் பார்த்தார். ஷெரீப் நர்ஸுக்கென்று ஜன்னலோரம் ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தான். அது காலியாகவே கிடக்குமே என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. நர்ஸ் பிழைக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார். வேலை போயிற்று. மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோதே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

அடக்கத்துக்கு நர்ஸ் உட்பட எல்லோரும் வந்து அழுதார்கள். கேப்டன் மிச்சமிருந்த கருத்து அட்டைகளைக் கல்லறை வாசலில் விநியோகித்தான். வெண்டலுக்கும் ஒன்று வந்தது. ஆயுசு முழுக்க அந்த அட்டைகளைச் சபித்தவர், பேனாவைத் திறந்து, மூடி, கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதினார்: 'முடிவு பிடிக்கவில்லை.'

திங்கட்கிழமை காலை, அடக்கம் செய்த கோட்டில் மண்ணைத் தட்டியபடி கிராஸ்னிக் வாசலுக்கு வந்தார்.

"சார், உங்க பாஸை ரத்து பண்ணிட்டாங்களே," என்றான் காவல்காரன்.

"நான் என்ன வேலைக்கா வந்தேன்? சூப்பு ஆறிடும், வழிய விடுப்பா."

கேன்டீனில் நர்ஸ் நகர்ந்து இடம் கொடுத்தாள். கிராஸ்னிக் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். உப்பு பத்தவில்லை, மறுபடி எடுங்கள் என்றார்.